கார் பாட்டு செட்டை மாற்றும் முன்: நடுவில் இருக்கும் ஆம்ப்ளிபயரைத் தெரிந்து கொள்வோம்



குழுக் கடன் என்றால் கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக் கடை என்று இருந்த காலம் மாறிவிட்டது. பழைய கார் ஒன்றை வாங்கி, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு விடும் உறுப்பினர்கள் இன்று நம்மிடையே உண்டு. சிலர் தாங்களே ஓட்டுகிறார்கள். சிலர் கணவரையோ மகனையோ ஓட்டச் சொல்கிறார்கள்.

வண்டி வந்ததும் முதலில் வரும் பேச்சு, "பாட்டு செட்டை மாத்திடலாம்" என்பதுதான். பழைய செட்டில் போன் பாட்டு வராது, பென்டிரைவ் போட முடியாது, பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். சரி, கடைக்குப் போய் புதுசு மாட்டியாச்சு. சாவியைப் போட்டால் விளக்கு எரிகிறது, எழுத்து ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை! அல்லது கரகரவென்று வருகிறது. கடைக்காரர், "ஸ்பீக்கர் நாலும் போயிடுச்சு, மாத்தணும்" என்கிறார். உடனே பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். நேற்று வரை பாடிய நான்கு ஸ்பீக்கரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போகுமா? பல வண்டிகளில் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வண்டிக் கம்பெனி வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. அதன் பெயர் ஆம்ப்ளிபயர். அதைக் கவனிக்காமல் ஒயரை வெட்டிக் கோர்த்ததால் வந்த வினை இது. அந்தப் பெட்டி என்ன செய்கிறது, அதை எப்போது விட்டு வைக்க வேண்டும், எப்போது தாண்டிப் போக வேண்டும் என்பதே இந்த மாதப் பாடம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலை, நமக்கெதுக்கு?" என்று யாரும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தால், தவணை உங்கள் பெயரில் இருந்தால், கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையதுதான்.

சத்தம் வரும் பாதை

நம் ஊர்த் திருவிழாவில் மைக் செட் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் மைக்கில் பேசுகிறார். அவர் குரல் மிகச் சிறிய கரண்டாக மாறி ஒயரில் போகிறது. அந்தச் சிறு கரண்டுக்குக் குழாய் ஸ்பீக்கரை அலற வைக்கும் பலம் கிடையாது. நடுவில் மேசை மேல் ஒரு கனமான பெட்டி இருக்கும். அதுதான் ஆம்ப்ளிபயர். சின்னதாக உள்ளே போவதைப் பெரிதாக்கி வெளியே அனுப்பும். அப்புறம்தான் மரத்தில் கட்டிய குழாயில் சத்தம் கேட்கும்.

காரிலும் இதே கதைதான். டாஷ்போர்டில் இருக்கும் செட் பாட்டை எடுத்துத் தருகிறது. ஆம்ப்ளிபயர் அதைப் பெரிதாக்குகிறது. கதவில் இருக்கும் ஸ்பீக்கர் பாடுகிறது.

சாதாரண வண்டிகளில் ஆம்ப்ளிபயர் செட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். செட்டிலிருந்து ஒயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். அப்படிப்பட்ட வண்டியில் செட் மாற்றுவது சுலபம். விலை கூடிய ரகங்களில் ஆம்ப்ளிபயர் தனிப் பெட்டியாக இருக்கும். செட்டின் ஒயர் முதலில் அந்தப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். சிக்கல் வருவது இந்த வண்டிகளில்தான்.

கடையில் வாங்கும் புதுச் செட்டுக்குள்ளும் ஒரு ஆம்ப்ளிபயர் உண்டு என்பதை மனதில் வையுங்கள். அதாவது, இந்த வண்டியில் இப்போது இரண்டு ஆம்ப்ளிபயர்கள். ஒன்றை மட்டும் வேலை செய்ய வைக்க வேண்டும். எதை என்று முடிவு செய்வதுதான் முழு விஷயமும்.

கம்பெனி ஏன் தனிப் பெட்டி வைத்தது?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய ஒருவரின் மகன் அமர் போஸ். எம்.ஐ.டி. என்ற பெரிய கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1964-ல் போஸ் என்ற ஒலிக் கருவிக் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனியும் சேர்ந்து, 1983-ம் வருட காடிலாக் செவில் முதலிய சில கார்களுக்கென்றே பாட்டு செட் அமைத்தன. காரின் உள்பக்க இடம், சீட், கண்ணாடி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்கும் தனி ஆம்ப்ளிபயர் வைத்தார்கள். அதன் பிறகு மற்ற கார் கம்பெனிகளும் விலை கூடிய வண்டிகளில் தனி ஆம்ப்ளிபயர் வைக்க ஆரம்பித்தன.

அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, இது அந்த வண்டிக்கென்றே தைத்தது. வேறு செட்டை அப்படியே பொருத்தினால் சேராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

நம் வண்டியில் இருக்கிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

1. கதவு ஸ்பீக்கர் மூடியில் ஏதாவது ஒலிக் கருவிக் கம்பெனியின் பெயர் தனியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தனி ஆம்ப் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. பியூஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எந்த பியூஸ் எதற்கு என்று அச்சடித்திருக்கும். அதில் ஆம்ப் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

3. முன் சீட்டுக்கு அடியில், டாஷ்போர்டில் பொருள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால், டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்கு உள்ளே, இந்த இடங்களில்தான் அந்தப் பெட்டி இருக்கும். சூடு வெளியேற வரிவரியாகப் பள்ளம் போட்ட உலோக உறை இருக்கும். இரண்டு மூன்று கப்ளர்கள் அதில் செருகியிருக்கும்.

4. ஒரே மாடல் வண்டியில் கூட விலை கூடிய ரகத்தில் மட்டும் ஆம்ப் இருக்கலாம். "பக்கத்து ஊர் வண்டியும் இதே மாடல்தானே" என்று ஏமாற வேண்டாம். வண்டியின் சேஸிஸ் நம்பரைச் சொல்லி கம்பெனி ஷோரூமில் கேட்டால் சொல்வார்கள்.

5. மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒரே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, செட்டிலிருந்து ஸ்பீக்கர் கப்ளரைக் கழற்றி, ஒரு ஜோடி ஒயரில் ஓம் அளவு பார்க்க வேண்டும். 3 அல்லது 4 ஓம் பக்கம் காட்டினால் ஒயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. நூறு, ஆயிரம் என்று எங்கோ போனால் நடுவில் ஆம்ப் இருக்கலாம். ஒயர் எங்காவது அறுந்திருந்தாலும் அப்படிக் காட்டும். அதனால் மற்ற ஜோடிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே மாதிரி காட்டினால் ஆம்ப்தான்.

சத்தம் வராததற்கு மூன்று காரணங்கள்

முதல் காரணம், ஆம்ப் தூங்குகிறது. கம்பெனி செட்டை ஆன் செய்தால் அது ஒரு சிறு ஒயர் வழியாக 12 வோல்ட் அனுப்பி ஆம்பை எழுப்பும். புதுச் செட்டில் இந்த வேலைக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் இருக்கும். அதை இணைக்காமல் விட்டால் ஆம்ப் எழுந்திருக்காது, சத்தமும் வராது. ஸ்பீக்கர்கள் நன்றாகவே இருக்கும். பல நேரம் இந்த ஒரு ஒயரோடு கதை முடிந்து விடும்.

இரண்டாவது காரணம், பலத்துக்கு மேல் பலம். கம்பெனி ஆம்ப், சிறிய கரண்டை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. நாம் புதுச் செட்டின் பெரிய ஸ்பீக்கர் கரண்டை அதற்குள் விட்டால், மைக் செட்காரர் ஒரு ஆம்பின் குழாய் ஒயரை இன்னொரு ஆம்பின் மைக் துளையில் செருகிய மாதிரி ஆகும். கரகர சத்தம், இரைச்சல், சில நேரம் ஆம்பே கெட்டுப் போகும்.

மூன்றாவது காரணம், கம்பெனி செட்டும் ஆம்பும் பேசும் பாஷை வேறு. சில வண்டிகளில் பாட்டு சாதாரண ஒயரில் போகாமல் கம்ப்யூட்டர் சமிக்ஞையாகப் போகும். 2001-ல் வந்த பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காரில் கண்ணாடி நூல் போன்ற ஒளி இழையில் அனுப்பினார்கள். இந்த மாதிரி வண்டியில் எந்த ஒயரைக் கோர்த்தாலும் ஆம்ப் கேட்காது. அதற்கென்று விற்கும் இடைக் கருவி வேண்டும், அல்லது ஆம்பை விட்டு வேறு பாதை போட வேண்டும்.

இரண்டு வழிகள்

முதல் வழி: ஆம்பை அப்படியே வைத்துக் கொள்வது. புதுச் செட்டின் பின்னால் ஆம்புக்கென்றே சிறு கரண்டு தரும் துளைகள் இருக்கும். ஆர்.சி.ஏ. என்று சொல்வார்கள். அதிலிருந்து ஆம்புக்குப் பாட்டை அனுப்பி, நீல வெள்ளை ஒயரால் ஆம்பை எழுப்ப வேண்டும். செட்டில் அந்தத் துளை இல்லையென்றால் பெரிய கரண்டைச் சிறிதாக்கும் சின்னப் பெட்டி கடையில் கிடைக்கும். ஆம்ப் நல்ல நிலையில் இருந்தால் இதுதான் நல்ல வழி. சத்தத்தின் தரமும் குறையாது.

இரண்டாம் வழி: ஆம்பைத் தாண்டிப் போவது. கடைக்காரர்கள் பைபாஸ் என்பார்கள். ஊருக்குள் போகாமல் பைபாஸ் ரோட்டில் போகிற பஸ் மாதிரி, செட்டிலிருந்து ஒயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். ஆம்ப் எரிந்து போயிருந்தால், அல்லது எவ்வளவு பார்த்தும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் இந்த வழி.

இந்த இரண்டாம் வழிக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. அதுதான் ஓம் கணக்கு.

ஓம் கணக்கு: இதை மட்டும் மறக்க வேண்டாம்

வாய்க்காலின் மடை அகலமாக இருந்தால் தண்ணீர் அதிகம் பாயும். ஒடுக்கமாக இருந்தால் குறைவாகப் பாயும். ஸ்பீக்கரின் ஓம் என்பது அந்த மடையின் ஒடுக்கம். ஓம் குறையக் குறைய கரண்டு அதிகம் பாயும்.

கணக்கு இதுதான்: வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். செட் 8 வோல்ட் தருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 8 வகுத்தல் 4, அதாவது 2 ஆம்பியர். ஸ்பீக்கர் 2 ஓம் என்றால் 8 வகுத்தல் 2, அதாவது 4 ஆம்பியர். கரண்டு இரண்டு மடங்கு!

கடையில் விற்கும் பெரும்பாலான செட்டுகள் 4 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தவை. தனி ஆம்ப் வைத்த வண்டிகளில் கம்பெனி சில நேரம் 2 ஓம், அதற்கும் குறைவான ஸ்பீக்கர்கள் வைத்திருக்கும். அந்த ஸ்பீக்கரை நேராகப் புதுச் செட்டில் கட்டினால், செட் கொதிக்கும். முதல் நாள் நன்றாகப் பாடும். வெயில் காலத்தில் பாதி வழியில் நின்று நின்று பாடும். கடைசியில் செட் போய்விடும்.

எனவே பைபாஸ் செய்யும் முன் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய 3 முதல் 3.7 வரை காட்டும். 2 ஓம் ஸ்பீக்கர் 2-க்கும் கீழே காட்டும். 2-க்குக் கீழே காட்டினால் மூன்றே வழி: கம்பெனி ஆம்பை வைத்துக் கொள்ளலாம், 4 ஓம் ஸ்பீக்கர் மாற்றலாம், அல்லது 2 ஓமைத் தாங்கும் புது ஆம்ப் போடலாம். ஸ்பீக்கர் மாற்றச் சொல்வதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். அதையும் மீட்டரில் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

பைபாஸ் வேலை எப்படி நடக்க வேண்டும்?

நீங்களே செய்ய வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கும்போது இந்த வரிசையில் நடக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் காத்திருப்பது நல்லது. காரணம் ஏர்பேக். இந்தியாவில் புதிய கார்களில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். சில வண்டிகளில் சீட்டுக்குள்ளும் ஏர்பேக் உண்டு. சீட்டுக்கு அடியில் ஆம்பைத் தேடும்போது மஞ்சள் உறை போட்ட ஒயரோ மஞ்சள் கப்ளரோ கண்ணில் பட்டால் கை வைக்கக் கூடாது, மீட்டர் வைத்தும் பார்க்கக் கூடாது. அது ஏர்பேக் ஒயர். சிறு கரண்டு பட்டாலும் வெடித்து விரியலாம்.

இரண்டாவது, ஆம்பிலிருந்து கப்ளர்களைக் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் செட்டிலிருந்து வரும் ஒயர். இன்னொரு பக்கம் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர். எது எது என்று காகிதத்தில் நிறத்தோடு எழுதி வைக்க வேண்டும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, எந்த ஜோடி எந்தக் கதவுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டையை அந்த ஜோடியில் ஒரு கணம் தொட்டு எடுத்தால், அந்தக் கதவு ஸ்பீக்கர் 'டப்' என்று சத்தம் போடும். ஸ்பீக்கர் அட்டை வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டது ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாற்றிக் கட்டப்பட்டால் பாட்டில் கீழ்ச்சத்தம் காணாமல் போகும்.

நான்காவது, பாதையை இணைக்க வேண்டும். சில வண்டிகளுக்கு இரண்டு கப்ளருக்கும் நடுவில் செருகும் பைபாஸ் ஒயரிங் ரெடிமேடாகவே கிடைக்கிறது. அது கிடைத்தால் ஒரு ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால், செட் இருக்கும் இடத்திலிருந்து ஆம்ப் இருக்கும் இடம் வரை புது ஸ்பீக்கர் ஒயர் இழுத்து, அங்கே ஸ்பீக்கர் ஜோடிகளோடு சேர்க்கலாம். செட்டிலிருந்து ஆம்ப் வரை கம்பெனி போட்ட ஒயர் சிறு கரண்டுக்கானது, மெல்லியதாக இருக்கும். அதனால் 0.75 முதல் 1 சதுர மி.மீ. தடிமனில் புது ஒயர் போடுவதே நல்லது.

ஐந்தாவது, கப்ளரில் ஆம்புக்கென்று வரும் கரண்டு ஒயர் இன்னும் உயிரோடுதான் இருக்கும். ஆம்பின் பியூஸை எடுத்துவிட்டு, அந்தக் கப்ளரை மூடிக் கட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் சீட்டுக்கு அடியில் நெருப்புக்கு விதை போட்ட மாதிரி.

ஆறாவது, ஒயர் சேர்த்த இடங்களை ஈயம் வைத்து ஒட்டி, அல்லது கிரிம்ப் முனை போட்டு, மேலே சூட்டில் சுருங்கும் உறை போட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் வெயில் சூட்டில் டேப்பின் பசை இளகி ஒரு வருடத்தில் பிரிந்துவிடும்.

கடைசியாக, கழற்றிய ஆம்பையும் பழைய செட்டையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நாளை வண்டியை விற்கும்போது அதற்கும் ஒரு விலை உண்டு.

புதுச் செட்டின் ஒயர் நிறங்கள்

கடையில் விற்கும் பெரும்பாலான செட்டுகளில் நிறம் ஒரே மாதிரி இருக்கும். எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

மஞ்சள்: எப்போதும் இருக்கும் பேட்டரி 12 வோல்ட். (ஏர்பேக்கின் மஞ்சள் உறை வேறு, இது வேறு.)
சிவப்பு: சாவி போட்டால் வரும் கரண்டு.
கருப்பு: பாடி எர்த்.
நீலத்தில் வெள்ளைக் கோடு: ஆம்பை எழுப்பும் ஒயர்.
வெள்ளை: முன் இடது ஸ்பீக்கர்.
சாம்பல்: முன் வலது.
பச்சை: பின் இடது.
ஊதா: பின் வலது.

ஸ்பீக்கர் நிறங்களில் கருப்புக் கோடு போட்டது மைனஸ். வண்டிப் பக்க ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தைப் பார்த்து நிறத்தோடு சேர்க்காமல் மீட்டர் வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகக் கட்டினால், சாவியை எடுத்த பிறகும் செட் விழித்தே இருந்து பேட்டரியைக் குடித்துவிடும். காலையில் ஆஸ்பத்திரி சவாரிக்குப் போகும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாது.

செய்யவே கூடாதவை

ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை பாடியில் எர்த் செய்யக் கூடாது. இன்றைய செட்டுகளில் அந்த மைனஸிலும் ஆறு ஏழு வோல்ட் இருக்கும். பாடியில் பட்டால் செட் பழுதாகும். நான்கு மைனஸையும் ஒன்றாக முறுக்குவதும் அதே தவறுதான்.

பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். பெரிய பியூஸோ, செம்புக் கம்பியோ, சிகரெட் தாளோ வைத்தால், அடுத்த முறை உருகுவது பியூஸ் இல்லை, வண்டி ஒயர்.

நீல வெள்ளை ஒயரிலிருந்து ஆம்புக்கு முழுக் கரண்டு எடுக்கக் கூடாது. அது கதவைத் தட்டி எழுப்பத்தான், சோறு போட இல்லை.

கம்பெனி ஆம்ப் உயர்ந்த சத்தத்துக்கென்று கண்ணாடிப் பக்கம் சின்ன ஸ்பீக்கர்களைத் தனி ஒயரில் ஓட்டியிருக்கலாம். பைபாஸ் செய்து அதை நேராகச் செட்டில் கட்டினால் கீழ்ச்சத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். நடுவில் அதற்கான கெப்பாசிட்டர் வைக்க வேண்டும்.

இன்னொன்று: சில வண்டிகளில் சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்னால் இடிக்கப் போகிறது என்ற 'பீப்' சத்தம் கூட இந்த ஆம்ப் வழியாகத்தான் வரும். ஆம்பைத் தாண்டினால் அந்தச் சத்தமும் போய்விடும். பாட்டு வேண்டும் என்று பாதுகாப்பை விடலாமா? முதலில் கேட்டுத் தெரிந்து கொண்டு முடிவு செய்யுங்கள்.

50 பெருக்கல் 4 என்ற விளம்பரம்

செட் பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று பெரிதாகப் போட்டிருக்கும். 200 வாட் என்று சந்தோஷப்படுகிறோம். செட்டின் பின்னால் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால், வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட், 14 பெருக்கல் 10, மொத்தம் 140 வாட். உள்ளே தொடர்ந்து போகக் கூடியதே 140 வாட் என்றால் 200 வாட் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்? கறந்த பாலை விட அதிகமாக சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும் என்றால் தண்ணீர் கலந்தால்தான் முடியும்!

50 என்பது ஒரு கண நேர உச்சம். தொடர்ந்து தருவது ஸ்பீக்கருக்கு சுமார் 15 முதல் 22 வாட் வரைதான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் 2003-ல் ஒரு அளவு முறை கொண்டு வந்தது. 14.4 வோல்ட்டில், 4 ஓமில், சத்தம் 1 சதவீதத்துக்கு மேல் சிதையாமல் எவ்வளவு வாட் வருகிறது என்று சொல்ல வேண்டும். கடையில் "ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதுதான் உண்மை எடை.

இதனால் தெரிவது என்ன? நல்ல கம்பெனி ஆம்பைத் தாண்டிவிட்டு வெறும் செட்டில் ஓட்டினால் சத்தம் முன்பை விடக் குறையவும் செய்யலாம். தேவையில்லாமல் பைபாஸ் செய்யக் கூடாது.

கடையில் இப்படிப் பேசுங்கள்

"அக்கா, ஸ்பீக்கர் நாலும் அவுட். மாத்திடலாமா?"

"இருங்க தம்பி. இந்த வண்டியில கம்பெனி ஆம்ப் இருக்கான்னு பாத்தீங்களா?"

"ஆம்பா... பாக்கணும்க்கா."

"பாருங்க. ஆம்பை எழுப்புற நீல ஒயர் கொடுத்தீங்களா? ஸ்பீக்கர் எத்தனை ஓம்னு மீட்டர்ல எனக்குக் காட்டுங்க. அப்புறம் மாத்துறதைப் பேசலாம்."

இவ்வளவுதான். சண்டை வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். தெரிந்து கேட்கிறார்கள் என்று புரிந்தால் வேலை செய்பவரும் கவனமாகச் செய்வார். நல்ல எலக்ட்ரீஷியன் இந்தக் கேள்விகளை விரும்பவே செய்வார்.

வேலை முடிந்ததும் ரசீது வாங்குங்கள். ரசீதில் செட்டின் மாடல் நம்பர், என்ன வேலை செய்தார்கள், ஒயர் வெட்டினார்களா இல்லையா எல்லாம் எழுதச் சொல்லுங்கள். புதிய வண்டி என்றால் ஒயரை வெட்டுவதால் வாரண்டிக்குப் பாதிப்பு வருமா என்று முன்பே ஷோரூமில் கேளுங்கள். வெளியில் மாட்டிய மின் கருவிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, அதற்கான கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் திருட்டுக்கும் தீ விபத்துக்கும் அந்தக் கருவிக்கு நஷ்ட ஈடு கேட்க முடியும். அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டி வாடகைக்கு ஓடினால்தான் தவணை கட்ட முடியும். எரிந்த ஒயருக்காக ஒரு வாரம் ஷெட்டில் நின்றால் வாடகையும் போகும், தவணையும் தள்ளும். குழுவில் மற்ற பதினொரு பேரும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டி வரும். அதனால் ஒருவர் வண்டியின் ஒயர் எல்லோருடைய கவலையும்தான்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

அடுத்த கூட்டத்தில் ஒருவர் இந்தப் பாடத்தை வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, கீழ்க்கண்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. புதுச் செட்டில் சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றும் முன் எந்த இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்?
2. ஆம்பை வைத்துக் கொள்வது எப்போது நல்லது? தாண்டிப் போவது எப்போது நல்லது?
3. செட் 8 வோல்ட் தரும்போது 2 ஓம் ஸ்பீக்கரில் எத்தனை ஆம்பியர் பாயும்?
4. மஞ்சள் உறை போட்ட ஒயரை ஏன் தொடக் கூடாது?
5. ஸ்பீக்கர் மைனஸை பாடியில் கட்டினால் என்ன ஆகும்?
6. நம் குழுவில் யார் யாரிடம் வண்டி இருக்கிறது? யாராவது சமீபத்தில் செட் மாற்றினார்களா? ரசீது இருக்கிறதா?

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஓம் கணக்கையும், ஒயர் நிறங்களையும் ஒரு தாளில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். ஓட்டுபவர் கடையில் வண்டியை விடும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும்.